கடினமான ஒரு புரோக் ராக் ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது எப்படி?

புரோக்ரசிவ் ராக், சுருக்கமாகப் புரோக் ராக், அதாவது நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாக வருகிறவர்களில் நிறையப் பேர் முதல் ஆல்பத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். எல்லோரும் ஆஹா ஓஹோ என்று புகழ்கிற ஒரு ஆல்பத்தைப் போடுகிறார்கள், மூன்று நிமிடம் மணிச்சத்தமும் உரசல் சத்தமும் ஓடுகிறது, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறார்கள், வால்யூமைக் கூட்டுகிறார்கள், திடீரென்று காதில் இடி விழுகிறது, அணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நமக்கு இது ஒத்துவராது என்ற முடிவோடு.

ஒத்துவரும். கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிமிடப் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வந்து தன்னைத் தானே மனதில் பதித்துவிடும், நாம் சும்மா இருந்தாலே போதும். புரோக் ராக்கின் நீண்ட ஆல்பங்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு மெட்டுத் துணுக்கு வந்து போகும், அது என்னவாயிற்று என்று நீங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், பத்து நிமிடம் கழித்து வேறு கருவியில் வேறு வேகத்தில் அதன் சாயல் எட்டிப் பார்க்கும்போது ‘அட, இது அதுதானே’ என்று உள்ளுக்குள் ஒன்று துள்ள வேண்டும். அந்தத் துள்ளல்தான் இந்த இசையின் சுகம். ஞாபகம் இல்லாமல் கேட்டால் வெறும் சத்தம் மாறிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்: ஒரு ஆல்பத்தை ஞாபகத்தில் எப்படி ஏற்றிக்கொள்வது.

பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது, அதனால் ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். கிங் கிரிம்சன் குழுவின் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’, 1973 மார்ச்சில் வெளிவந்தது. சுமார் 46 நிமிடம், ஆறு உருப்படிகள்.

ஏன் இதையே எடுக்க வேண்டும்?

இதைவிட எளிதான ஆல்பங்கள் இருக்கின்றன. பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ அதே 1973 மார்ச்சில் வந்ததுதான், முதல் தடவையிலேயே பிடித்துவிடும். ஆனால் தானாகவே பிடித்துவிடுகிற ஆல்பத்துக்கு வழிகாட்டி எதற்கு? ‘லார்க்ஸ் டங்ஸ்’ அப்படிப்பட்டதல்ல, முதலில் முகம் கொடுத்துப் பேசாது. ஆனாலும் ஒரு நல்ல குணம் உண்டு. அதில் எல்லாமே தனித்தனியாகக் கேட்கிறது. வயலின் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம், உலோகச் சத்தங்கள் ஒரு பக்கம். பல புரோக் ஆல்பங்களில் கீபோர்டு எல்லாவற்றையும் ஒரு போர்வைபோல் மூடிவிடும், இதில் அது குறைவு, நடுவில் நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். பழகுகிற காதுக்கு அந்த வெற்றிடம் பெரிய உதவி.

பின்னணி ரொம்பத் தேவையில்லை, ஆனால் யார் யார் வாசிக்கிறார்கள் என்பது தெரிந்தால் காது பிடிக்க ஒரு கைப்பிடி கிடைக்கும். 1969-ல் முதல் ஆல்பத்தோடு பெயர் வாங்கிய குழு கிங் கிரிம்சன். அதன் கிடார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் தவிர மற்ற எல்லோரும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1972-ல் அவர் முற்றிலும் புதிய ஆட்களைச் சேர்த்தார். பேஸ் கிடாரும் குரலும் ஜான் வெட்டன். வயலின் டேவிட் கிராஸ். டிரம்ஸ் பில் புரூஃபோர்ட், அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த யெஸ் குழுவை விட்டுவிட்டு வந்தவர். ஐந்தாவது ஆள் ஜேமி மியூர், தாளக் கருவிகள் என்று சொல்லலாம், ஆனால் உண்மையில் தட்டினால், உரசினால், குலுக்கினால் சத்தம் வருகிற எதையும் கருவியாக்கியவர்: மணிகள், உலோகத் தகடுகள், சங்கிலிகள். 1972 கடைசியில் இவர்கள் ஊர் ஊராக மேடையில் வாசித்துப் பதப்படுத்திய இசையைத்தான் 1973 தொடக்கத்தில் லண்டனின் கமாண்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஆல்பம் வெளிவந்த சமயத்தில் மியூர் குழுவில் இல்லை. இசையை விட்டு விலகி ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். அதனால் அந்த ஐந்து பேரும் சேர்ந்து செய்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம் இதுதான்.

உட்காருவதற்கு முன்

செயலியில் கேட்பவர்கள் மூன்று விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரிசை கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டை இன்னொன்றோடு தேய்த்துச் சேர்க்கும் கிராஸ்ஃபேடு அணைந்திருக்க வேண்டும். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடும்படி அமைப்பு இருக்க வேண்டும். இது ஏதோ நுணுக்கம் பிடித்தவர்களின் வம்பு என்று நினைக்க வேண்டாம். ஐந்தாவது உருப்படி ஒரு வீறிடும் சத்தத்தில் முடிந்து ஆறாவது அதே நொடியில் வெட்டிக்கொண்டு தொடங்குகிறது, அந்த வெட்டுத்தான் ஆல்பத்தின் உச்சம், நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தால் 46 நிமிட ஏற்பாடும் வீண். சத்தத்தைச் சமன்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வால்யூம் விஷயம் இன்னும் முக்கியம். ஆல்பம் மிக மெல்லிய சத்தத்தில் தொடங்குகிறது. அதைக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றினால் நான்கு நிமிடத்துக்குள் காது பழுத்துவிடும், ஹெட்போன் போட்டிருந்தால் உண்மையிலேயே வலிக்கும். நேராக ஆறாவது உருப்படியான ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக், பார்ட் டூ’வைப் போட்டு அதன் முதல் பத்து நொடி பலமாக, ஆனால் தாங்கக்கூடிய அளவில் கேட்கும்படி வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பியுங்கள், வால்யூமைத் தொடாதீர்கள். ஆரம்பம் கிட்டத்தட்டக் கேட்காமலிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், அறை அமைதியாக இருந்தால் காது தானாகவே கூர்மையாகிவிடும்.

பல பதிப்புகள் கிடைக்கின்றன. இசைக்கலைஞரும் ஒலிக்கலவை செய்பவருமான ஸ்டீவன் வில்சனும் ஃபிரிப்பும் சேர்ந்து செய்த புதுக் கலவை (ரீமிக்ஸ்) 2012-ல் வந்தது, அதில் கருவிகள் இன்னும் துலக்கமாகப் பிரிந்து கேட்கும். எது உசத்தி என்ற விவாதத்துக்கு இப்போது போக வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுங்கள், பழகி முடிக்கும்வரை அதை மாற்றாதீர்கள். ஞாபகம் ஏறுவதற்கு ஒரே பதிப்பு வேண்டும்.

முதல் முறை: அடையாளங்கள் மட்டும்

புது ஊருக்குப் போன ஆள் முதல் நாளே தெருப்பெயர்களை மனப்பாடம் செய்வதில்லை, பாலம் எங்கே, மணிக்கூண்டு எங்கே என்று நாலு அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், தொலைந்து போக மாட்டார். முதல் கேட்பு அதற்குத்தான். ஒரே மூச்சில் ஆறையும் கேளுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுத உட்காராதீர்கள், அந்தக் கேள்வியே இப்போது வேண்டாம். வேறு வேலையும் வேண்டாம், கைபேசி இன்னொரு அறையில் இருக்கட்டும்.

ஒரு தாளில் நான்கைந்து அடையாளம் குறித்துக்கொண்டால் நல்லது. உங்கள் சொந்த வார்த்தையில் குறியுங்கள், ‘மணி’, ‘முதல் இடி’, ‘தனி வயலின்’, ‘சிரிப்பு’, ‘வீறிடல்’ என்று. இசைச் சொற்கள் எதுவும் தேவையில்லை. அந்தச் சிரிப்பு நான்காவது உருப்படியின் கடைசியில் வரும், நீங்கள் எப்படியும் தவறவிட மாட்டீர்கள்.

எல்பி தட்டில் இதற்கு இரண்டு பக்கம். முதல் பக்கம் சுமார் 24 நிமிடம், மூன்று உருப்படிகள், இரண்டாம் பக்கம் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அதிலும் மூன்று. அந்தக் காலத்தில் தட்டைத் திருப்பிப் போட எழுந்து போக வேண்டும், அந்த இடைவேளை இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. 46 நிமிடம் ஒரே இருப்பில் கஷ்டமாக இருந்தால் மூன்றாவது உருப்படி முடிந்ததும் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வேறெங்கும் நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் சுற்று: முதல் உருப்படி மட்டும்

இப்போது முழு ஆல்பம் வேண்டாம். ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக், பார்ட் ஒன்’, பதின்மூன்றரை நிமிடம். இதை மட்டும் சில நாள் கேளுங்கள். புதியவர்கள் திரும்பிப் போகிற இடம் இதுதான் என்பதால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தொடக்கத்தில் கேட்கும் மணிமணியான சத்தம் கலிம்பா, கட்டைவிரலால் உலோக நாக்குகளை மீட்டும் ஆப்பிரிக்கக் கருவி. அதற்குள் சின்ன மணிகள், உலோகச் சிலிர்ப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இதில் மெட்டைத் தேடாதீர்கள், இங்கே மெட்டு இல்லை. அடர்த்தியைக் கவனியுங்கள்: முதலில் எண்ணக்கூடிய அளவுக்குத் துளித்துளியாக இருந்த சத்தம், எந்த நிமிடத்தில் எண்ண முடியாத பளபளப்பாக மாறுகிறது? இந்த ஒரு கேள்வியோடு கேட்டால் அந்த மூன்று நிமிடமும் நீளமாகவே தெரியாது.

ஏறக்குறைய மூன்றாவது நிமிடத்தில் வயலின் நுழைகிறது. ஒரே சின்ன அசைவைத் திரும்பத் திரும்ப, பதற்றமாக, நிற்காமல் வாசிக்கும். அதன்மேல் கிடார் மெதுவாக எழும், ஏதோ நடக்கப்போகிறது என்று வயிற்றில் ஒரு கலக்கம் வரும், நான்காவது நிமிடத்தை நெருங்கும்போது முழுக்குழுவும் ஒரே அடியாக இறங்கும். அதுதான் உங்கள் தாளில் இருக்கும் ‘முதல் இடி’. அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். இடி அப்படியே தொடராது. விலகி மறுபடியும் அந்தப் பதற்றத்துக்குத் திரும்பும், மறுபடியும் ஏறும், மறுபடியும் இறங்கும். முதல் தடவை அதிர்ச்சி, இரண்டாவது தடவை எதிர்பார்ப்பு, அதே இசைதான் என்றாலும் கேட்கிற நாம் மாறிவிட்டோம். ஞாபகம் வேலை செய்வது இந்த இடத்தில் முதல்முறையாக உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வேகப் பகுதி. ஃபிரிப்பின் விரல் ஓட்டம், வெட்டனின் உறுமும் பேஸ், இரண்டு தாளக்காரர்களும் முழு வேகத்தில். உண்மையைச் சொன்னால் இதை அலசுவதற்கு ஒன்றுமில்லை, ஓட்டத்தோடு போனால் போதும்.

பாதியைத் தாண்டியதும் எல்லாம் விலகிவிடும். டேவிட் கிராஸின் வயலின் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும், பக்கத்தில் ஒரு தந்திக் கருவியின் மெல்லிய வருடல் மட்டும். இது ஆல்பத்திலேயே எனக்கு மிகப் பிரியமான இடம். இவ்வளவு சத்தம் போட்ட ஐந்து பேரில் நான்கு பேர் ஒதுங்கி ஒருவருக்கு இடம் கொடுப்பது ராக் இசையில் சுலபமாகக் கிடைக்கிற காட்சி இல்லை. பலர் இதை ‘ஒன்றும் நடக்காத பகுதி’ என்று தாண்டி ஓட்டுகிறார்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். வயலினின் ஒவ்வொரு இழுப்பிலும் வில்லின் உரசல் கேட்கிறதா பாருங்கள், மூச்சு விடும் இடங்கள் எங்கே என்று பாருங்கள், முன்பு பதறிக்கொண்டிருந்த அதே கருவி இப்போது எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பகுதியில் பதற்றம் திரும்பும், மனிதர்கள் பேசும் குரல்கள் மங்கலாகக் கேட்கும், வார்த்தைகள் பிடிபடாது, பிடிக்க முயலவும் வேண்டாம். பிறகு அடங்கும்.

இந்த ஒன்று ஞாபகத்தில் ஏறிவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? இசை ஓடாதபோது, ‘மணி, பதற்றம், இடி, பதற்றம், இடி, ஓட்டம், தனி வயலின், குரல்கள்’ என்று வரிசையாகச் சொல்ல முடிந்தால் ஏறிவிட்டது. மெட்டை முணுமுணுக்கத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

எண்ணிக் கேட்பது

இப்போது நேராகக் கடைசி உருப்படிக்கு, ‘பார்ட் டூ’வுக்குப் போவோம். ஃபிரிப் தனியாக எழுதியது. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் பலருக்கு வரும் சிக்கல் தாளம். காலால் தட்டிக்கொண்டே கேட்டால் இரண்டு சுற்றுக்குள் தடுமாறும், ‘கணக்கு இடிக்கிறதே’ என்று எரிச்சல் வரும்.

பெரும்பாலான ராக் பாட்டுகள் நான்கில் ஓடும், தகதிமி தகதிமி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ‘பார்ட் டூ’வின் முதல் கிடார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னத் துணுக்கு, அப்படி இல்லை. வாயால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட தக தக
தகிட தகிட தக தக

மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. மொத்தம் பத்து. ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுத்தான், ஆனால் முதல் இரண்டுக்குப் பின்னால் இடைவெளி நீளம், அடுத்த இரண்டுக்குப் பின்னால் குட்டை. நீளம், நீளம், குட்டை, குட்டை. ரிஃப் இல்லாமல் மெதுவாகச் சொல்லிப் பழகி, பிறகு ஆல்பத்தைப் போட்டு அதன்மேல் சொல்லிப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும்போது ஒரு சந்தோஷம் வரும், அதை நான் விளக்க முயலவில்லை, நீங்களே பாருங்கள்.

இந்தக் கணக்கு எதற்கு? நம் உடம்பு நான்கு நான்காக அடி வைக்கப் பழகியது. பத்தை இப்படி உடைத்தால் முதல் பாதியில் நீளமாக நடந்துவிட்டுக் கடைசியில் அடியைக் குறுக்கிக்கொள்கிறது, அதனால் அடுத்த சுற்று நாம் எதிர்பார்ப்பதற்கு ஒரு கணம் முன்பே வந்து மோதுகிறது. வேகம் கூடவே இல்லை, ஆனாலும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. அதை உணரத்தான் எண்ணச் சொன்னேன். உணர்ந்துவிட்டால் எண்ணுவதை விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும்.

இந்த உருப்படி கடைசிவரை பத்திலேயே நிற்காது. கணக்கு கையை விட்டுப் போகும் இடங்கள் வரும், அப்போது நிறுத்திப் பின்னால் ஓட்டாமல் சும்மா இருங்கள், அந்த ரிஃப் திரும்பி வரும்போது மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ஒலி தாழ்ந்து கிடார் ஒரே அசைவைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் பகுதியில், மற்ற கருவிகள் சேரச் சேர மெதுவாக இறுக்கம் கூடும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ‘பார்ட் ஒன்’னில் வயலினும் கிடாரும் சேர்ந்து பதற்றத்தை ஏற்றி உடைத்த அதே முறைதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் நிறுத்தியது சும்மா இல்லை. நடுவில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேறு இசை ஓடியிருக்கிறது, இருந்தாலும் முதல் பாகம் ஞாபகத்தில் இருப்பவருக்கு இங்கே ரோமம் சிலிர்க்கும். இல்லாதவருக்கு இது ஒரு நல்ல கனமான ரிஃப், அவ்வளவுதான்.

நடுவில் இருப்பவை

பாடல் என்று சொல்லக்கூடியவை மூன்று: ‘புக் ஆஃப் சாட்டர்டே’, ‘எக்ஸைல்ஸ்’, ‘ஈஸி மனி’. வரிகளை எழுதியவர் ரிச்சர்ட் பால்மர்-ஜேம்ஸ், குழுவில் வாசிக்காதவர். வரிகளின் பொருள் முதலில் பிடிபடாவிட்டால் கவலை வேண்டாம், வெட்டனின் குரலை இன்னொரு கருவியாக எண்ணிக் கேளுங்கள்.

‘புக் ஆஃப் சாட்டர்டே’ மூன்று நிமிடம்கூட இல்லை. பின்னோக்கி ஓடவிட்ட கிடார் சத்தம் ஒன்று அதில் உண்டு, சத்தம் ஊதி ஊதி வளர்ந்து சட்டென்று அறுந்துபோகும், அதைக் கண்டுபிடியுங்கள்.

‘எக்ஸைல்ஸ்’ தெளிவற்ற சத்தங்களிலிருந்து மெல்ல உருவாகும், பொறுமை வேண்டும், பிறகு வருகிற வயலின் மெட்டு ஆல்பத்திலேயே முணுமுணுக்கத் தோதானது. பின்னால் வயலின் கூட்டம்போல் ஏதோ மங்கலாகக் கேட்கிறதே, அது மெலோட்ரான். கீபோர்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உண்மையான கருவியின் ஒலி பதிந்த ஒரு துண்டு நாடா இருக்கும், கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். நாடா ஓடுவதில் உள்ள லேசான நடுக்கம்தான் அந்த ஏக்கமான ஒலிக்குக் காரணம். அந்தக் கால புரோக் ஆல்பங்களில் இது எங்கும் கேட்கும், இங்கே ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

‘ஈஸி மனி’யில் பாடும் பகுதியைவிட நடுவில் வரும் வாத்தியப் பகுதியைக் கவனியுங்கள். மியூரின் விசித்திரச் சத்தங்கள் இங்கே ஏராளம்.

‘த டாக்கிங் டிரம்’முக்கு வேறு உத்தி. காற்று வீசுவதுபோல ஏதோ கேட்கும், கைத்தாளம் தொடங்கும், பிறகு வெட்டனின் பேஸ் ஒரு சின்ன அடியை எடுத்துக்கொண்டு விடாமல் வாசிக்கும். ஏழரை நிமிடமும் அந்த பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வயலின் மேலே அலையும், கிடார் அலையும், காது அவற்றின் பின்னால் ஓடப் பார்க்கும், விடாதீர்கள். பேஸிலேயே நின்றால்தான் மொத்த இசையும் எவ்வளவு மெதுவாக, விட்டுக்கொடுக்காமல் மேலே ஏறுகிறது என்று தெரியும். உச்சியில் வீறிடல், அந்த நொடியிலேயே ‘பார்ட் டூ’.

ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு கேட்பது

ஆறும் ஓரளவு பரிச்சயமானதும் முழு ஆல்பத்துக்குத் திரும்புங்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து முதலிலிருந்து கடைசிவரை அவரையே பின்தொடருங்கள். ஹெட்போன் இங்கே அவசியம்.

முதலில் வெட்டனை எடுங்கள், சுலபம். அடுத்து கிராஸ். இந்தச் சத்தக் கூட்டத்தில் ஒரு வயலின் எப்போது பேச வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது என்று கேளுங்கள். ஃபிரிப் இல்லாத இடங்கள் எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், குழுவின் தலைவர் என்று நாம் நினைக்கிறவர் நிமிடக்கணக்கில் மௌனமாக இருக்கிறார். கடைசியாக, கடினமானது: புரூஃபோர்டையும் மியூரையும் பிரித்துக் கேட்பது. தாளத்தைத் தாங்குகிறவர் பெரும்பாலும் புரூஃபோர்ட். அதன் ஓரங்களில் கீறல், சரசரப்பு, மணி, உலோக அதிர்வு என்று வருவது பெரும்பாலும் மியூர். சில இடங்களில் யார் எது என்று தெரியாது, பரவாயில்லை. மியூரோடு வாசித்த அந்தச் சில மாதங்கள் தன் வாசிப்பையே மாற்றிவிட்டதாக புரூஃபோர்ட் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார், கேட்டால் அதில் மிகை இல்லை என்று தெரியும்.

பிடிக்கவில்லை என்றால்?

இவ்வளவும் செய்தும் மனம் ஒட்டவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். சத்தத்தின் முரட்டுத்தனம் பிடிக்கவில்லையா, இல்லை, நீளம் பிடிக்கவில்லையா என்று உங்களையே கேளுங்கள். முரட்டுத்தனம்தான் சிக்கல் என்றால் யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’, 1972. இதே புரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்கு வருவதற்கு முன் வாசித்தது, முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, சுமார் 18 நிமிடம், ஆனால் குரல்களும் மெட்டும் நிறைய, காதுக்கு இதமானது. அங்கும் அடையாளங்கள் குறிக்கும் முறை அப்படியே பொருந்தும். நீளம்தான் சிக்கல் என்றால் ஆல்பத்தை மாற்ற வேண்டாம், சில மாதம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு ‘எக்ஸைல்ஸ்’, ‘பார்ட் டூ’ இரண்டை மட்டும் கேளுங்கள். கட்டாயப்படுத்திக்கொண்டு தினமும் கேட்பது மட்டும் கூடாது, அது வெறுப்பில்தான் முடியும்.

பழகிய பிறகு எங்கே போவது

முதலில் வேறு ஆல்பம் தேடாமல் இதே உருப்படிகளின் மேடைப் பதிவைக் கேளுங்கள். 1975-ல் வந்த ‘யுஎஸ்ஏ’ என்ற ஆல்பம், 1974 அமெரிக்கப் பயணத்தில் பதிவானது. அதில் ‘பார்ட் டூ’, ‘எக்ஸைல்ஸ்’, ‘ஈஸி மனி’ மூன்றும் உண்டு, மியூர் கிடையாது. அவர் விட்டுப்போன இடத்தை புரூஃபோர்ட் எப்படி நிரப்புகிறார், மற்றவர்கள் எவ்வளவு கனமாக வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்பதெல்லாம் ஸ்டுடியோப் பதிவை மனப்பாடமாக வைத்திருக்கும் உங்களுக்கு உடனே பிடிபடும்.

அதற்குப் பிறகு 1974-ன் ‘ரெட்’. அதில் கடைசி உருப்படி ‘ஸ்டார்லெஸ்’, 12 நிமிடம். நடுவில் பேஸ் 13 எண்ணிக்கையில் ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு நடக்கும், அதன்மேல் கிடார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும். கிடாரோடு போய்விடாமல் பேஸிலேயே நில்லுங்கள், ‘டாக்கிங் டிரம்’மில் பழகியது இங்கே கைகொடுக்கும். ‘லார்க்ஸ் டங்ஸ்’ வரிசையின் மூன்றாம் பாகம் 1984-ல், நான்காம் பாகம் 2000-ல், வேறு வேறு கூட்டணிகளோடு வந்தன. அவற்றுக்கு அவசரமில்லை, ஆனால் ‘ரெட்’ முடித்துவிட்டு மூன்றாம் பாகத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், முதல் ஒரு நிமிடத்திலேயே கை தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கிறதா என்று கவனியுங்கள்.